மறுமொழி: 'ஊசி அளவு' போதாது, 'சன்ன எண்' எப்படி?

வணக்கம்.

> கேஜ் என்பதற்கு 'ஊசி அளவு' என்றே போட்டுவிடலாமே?

போடலாம்தான். கேஜ் (gauge) என்பது ஊசிக் குழலின் பருமனைக் குறிக்கும் எண். ஆனால் வளரிளம் பருவத்தினருக்கான தடுப்பூசிக் குறிப்பைத் தமிழில் எழுதும்போது நான் மாட்டிக்கொண்டதே அந்த இடத்தில்தான். நமக்கு மருந்தும் ஊசி, அதைச் செலுத்தும் குழலும் ஊசி. 'ஊசி அளவு 0.5' என்றால் மருந்து 0.5 மி.லி.யா, ஊசியின் வெளிவிட்டம் 0.5 மி.மீ.யா? இரண்டுமே நடப்பில் உள்ளவை என்பதுதான் வம்பு.

அப்புறம், நீளம் வேறு, பருமன் வேறு. 11 முதல் 18 வயது வரை உள்ளவருக்குத் தோளுக்குக் கீழே உள்ள தசையில் போட, பெரும்பாலும் 25 மி.மீ. ஊசி. ஒல்லியான பிள்ளைக்குத் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டால் 16 மி.மீ. போதும், உடல் பருமன் மிகுந்தவருக்கு 38 மி.மீ. கூடத் தேவைப்படலாம். நீளம் பற்றாவிட்டால் மருந்து தசையை எட்டாமல் கொழுப்பிலேயே தங்கிவிடும். அந்த இடம் சிவந்து வீங்குவதும் கூடும். கேஜ் என்னவோ 22 முதல் 25 வரைதான். 'பெரிய ஊசி எடு' என்றால் எதைப் பெரிதாக்குவது?

'தடிமன் எண்' என்ற யோசனையும் எனக்கு ஒப்பவில்லை. எண் கூடினால் தடிமனும் கூடும் என்றுதானே படிப்பவர் நினைப்பார்? இங்கே தலைகீழ். 22 என்றால் சுமார் 0.7 மி.மீ., 25 என்றால் 0.5. பழைய பர்மிங்காம் கம்பி அளவுமுறையின் மிச்சம் இது.

இந்தத் தலைகீழ்க் கணக்கு நமக்குப் புதிதில்லை. நெசவில் நாற்பதாம் நம்பர் நூலைவிட நூறாம் நம்பர் நூல் சன்னம். நம்பர் ஏற ஏற நூல் இளைக்கும். அதனால் 'சன்ன எண்' என்கிறேன். 'சன்ன எண் 25' என்றதுமே மெல்லிய ஊசி என்று விளங்கிவிடும். 'நுண்மை எண்' பொருளில் சரிதான், ஆனால் நுண்ணோக்கி நினைவுக்கு வருகிறது.

ஒரே வேண்டுகோள்: இலக்கணம் பார்த்து 'சன்னவெண்' என்று சேர்த்துவிடாதீர்கள். ஊசியின் பிளாஸ்டிக் அடிப்பகுதியில் 25க்கு ஆரஞ்சு, 23க்கு நீலம், 22க்குக் கறுப்பு என்று ஏற்கெனவே நிறக்குறி உண்டு. இதுவும் ஏதோ வெள்ளை நிறம் போலிருக்கிறது என்று தேடுவார்கள்.

பேச்சில் கேஜ் இருந்துவிட்டுப் போகட்டும். எழுத்தில் இதைவிட நல்ல சொல் கிடைத்தால் மாற்றிக்கொள்கிறேன். 'ஊசி நீளம்' என்பதைத் தனியே எழுதுவதை மட்டும் விட்டுக்கொடுக்கமாட்டேன்.