பிகோ நான்கையும் போட்டால் பப்மெட்டில் ஒன்றும் சிக்கவில்லை, உதவுங்கள்

கேள்வி (மகப்பேறு முதுநிலை மாணவி)
ஆய்வேட்டுக் கேள்வியைப் பிகோ முறையில் (பி நோயாளி, ஐ சிகிச்சை, சி ஒப்பீடு, ஓ விளைவு) பிரித்திருக்கிறேன்: கர்ப்பகால நீரிழிவு உள்ள பெண்களுக்கு (பி) மெட்ஃபார்மின் கொடுத்தால் (ஐ), இன்சுலினைவிட (சி), குழந்தை அதிக எடையோடு பிறப்பது குறையுமா (ஓ)? நான்கையும் பப்மெட்டில் (மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் தளம்) மேற்கோள்குறிக்குள் அடித்து 'ஆண்ட்' போட்டு இணைத்தால் விரல்விட்டு எண்ணும் அளவுதான் வருகிறது. மேற்கோள்குறியை எடுத்து, கடைசியில் 'ஆர் ஜிடிஎம்' (கர்ப்பகால நீரிழிவின் ஆங்கிலச் சுருக்கம்) சேர்த்தால் ஆயிரக்கணக்கில் கொட்டுகிறது. எங்கே தப்பு?

பதில் (மருத்துவ நூலகர்)
கேள்வி நன்றாகவே இருக்கிறது, டாக்டர். தேடலில் முதலில் 'ஓ'வைக் கழற்றிவிடுங்கள். 2008இல் வந்த 'மிக்' ஆய்வு, 751 பெண்களிடம் மெட்ஃபார்மினையும் இன்சுலினையும் ஒப்பிட்டது. உங்கள் கேள்விக்கு இதைவிட நெருக்கமான ஆய்வு கிடைப்பது அரிது. ஆனால் அதன் சுருக்கம் பிறப்பு எடையை 'நியோநேட்டல் ஆந்த்ரோபோமெட்ரிக் மெஷர்மென்ட்ஸ்' (பிறந்த குழந்தையின் உடல் அளவுகள்) என்றுதான் சொல்கிறது. 'மாக்ரோசோமியா' (குழந்தையின் அதிக எடை) என்று நீங்கள் கட்டாயப்படுத்தினால் இப்படிப்பட்டவை நழுவும். 'சி'யும் வேண்டாம், நீரிழிவுக் கட்டுரைகளில் இன்சுலின் என்ற சொல் எங்கும் கிடக்கும், அது எதையும் சலிக்காது.

ஆயிரக்கணக்கில் வந்ததற்குக் காரணம் வேறு. பப்மெட் இடமிருந்து வலமாகக் கணக்குப் போடும். அடைப்புக்குறி இல்லாமல் கடைசியில் 'ஆர் ஜிடிஎம்' வந்தால், முன்னால் சேர்த்த நிபந்தனை எதுவும் இல்லாத ஜிடிஎம் கட்டுரைகளும் உள்ளே வந்துவிடும். ஒரே கருத்தின் மாற்றுச் சொற்களை 'ஆர்' போட்டு ஓர் அடைப்புக்குறிக்குள் பூட்டுங்கள், அடைப்புகளை 'ஆண்ட்' போட்டு இணையுங்கள். ஆண்ட், ஆர் இரண்டும் பெரிய எழுத்தில் இருக்கட்டும்.

பதில் (முறைசார் மீளாய்வு செய்பவர்)
'பி' அடைப்பில் மெஷ் தலைப்பையும் (கட்டுரைகளுக்கு இடப்படும் நிலையான பொருள் தலைப்பு, இங்கே 'டயாபடிஸ், ஜெஸ்டேஷனல்') தலைப்பு‑சுருக்கச் சொற்களையும் சேர்த்தே போடுங்கள். மெஷ் மட்டும் என்றால், மெஷ் தலைப்பு இடப்படாத பதிவுகள் கண்ணில் படாது. சொற்கள் மட்டும் என்றால், ஆசிரியர் வேறு சொல் எழுதிய கட்டுரை போய்விடும்.

நீளமான தொடரை மேற்கோள்குறிக்குள் அடைத்ததும் சிக்கல்தான். மேற்கோள்குறி போட்டால் பப்மெட் தானாக மெஷ்ஷுக்கு மாற்றிப் பார்ப்பதை நிறுத்திவிடும். அட்வான்ஸ்டு பக்கத்தில் 'சர்ச் டீடெயில்ஸ்' விரித்தால், நீங்கள் அடித்ததை அது எப்படிப் புரிந்துகொண்டது என்று தெரியும். ஒவ்வொரு தேடலுக்கும் இதைப் பாருங்கள்.

பிறகு சோதனை: முடிவுகளில் 'மிக்' ஆய்வு இருக்கிறதா? இல்லையென்றால் தேடல் ஓட்டை. ஏற்கெனவே தெரிந்த இரண்டு மூன்று கட்டுரைகளை வைத்து இப்படிச் சோதிக்காமல் தேடலை முடிக்காதீர்கள். எண்ணிக்கையைக் குறைக்க, காக்ரேன் அமைப்பின் சமவாய்ப்பு ஆய்வு வடிகட்டியை (யாருக்கு எந்தச் சிகிச்சை என்று குலுக்கல் முறையில் முடிவுசெய்த ஆய்வுகளைப் பிடிக்கும் தேடல் வரி) கடைசி அடைப்பாகச் சேர்க்கலாம்.

கேட்டவர்
நன்றி சார், 'மிக்' வந்துவிட்டது. ஆனால் பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டி) உள்ள பெண்களுக்கு நீரிழிவு வராமல் தடுக்க மெட்ஃபார்மின் கொடுத்த ஆய்வுகளும் கலந்து வருகின்றன. 'நாட் பிசிஓஎஸ்' போடலாமா?

பதில் (மருத்துவ நூலகர்)
போடாதீர்கள். 'பிசிஓஎஸ் உள்ளவர்களைச் சேர்க்கவில்லை' என்று சுருக்கத்தில் எழுதிய நல்ல ஆய்வும் அதோடு போய்விடும். 'பி'யை "நீரிழிவு உறுதியான பிறகு சிகிச்சை தொடங்கியவர்கள்" என்று இறுக்கி எழுதிக்கொண்டு, தடுப்பு ஆய்வுகளைக் கண்ணால் பார்த்து விலக்குங்கள். தேடலிலிருந்து எடுத்த 'ஓ' இந்தச் சலிப்புக்குப் பிறகு தேவைப்படும். அதிக எடை என்பது 4000 கிராமா, 4500 கிராமா, கர்ப்ப வாரத்துக்கான 90ஆம் சதமானத்துக்கு மேலா என்பதைக் கட்டுரைகளைத் திறக்கும் முன்பே நெறிமுறையில் எழுதிவிடுங்கள்.