80 செ.மீ. வெர்டிகலில் (செங்குத்தாக நிற்கும் தாண்டுதடையில்) குதிரையின் பின்கால் மட்டும் கம்பைத் தட்டுகிறது

கேள்வி:
60 செ.மீ. சுத்தமாகத் தாண்டும் குதிரை, 80 வைத்தால் பத்துக்கு நாலு முறை பின்காலால் கம்பைத் தள்ளிவிடுகிறது. முன்கால்கள் நன்றாகவே மடிகின்றன. தாண்டும்போது என் கீழ்க்கால் பின்னால் ஓடிவிடுகிறது, சேணத்தில் 'தொப்'பென்று உட்கார்ந்துவிடுகிறேன். கேன்டரில் (மிதமான பாய்ச்சல் ஓட்டத்தில்) வேகம் கூட்டினால் இன்னும் மோசம். தப்பு யாருடையது?

பதில் 1:
நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பெரும்பாலும் உங்களுடையதுதான். அந்த 'தொப்' விழும் நேரத்தில் குதிரையின் பின்கால்கள் இன்னும் கம்பைக் கடந்திருக்காது. முதுகில் எடை இறங்கியதும் முதுகு தாழும், பின்கால் தொங்கும்.

ஆனால் மூலகாரணம் முழங்கால். அதை இறுக்கிப் பிடித்தால் கதவுக்கீல் போல ஆகிவிடும்: கீழ்க்கால் பின்னால் ஆடும், மேலுடம்பு கழுத்தின் மேல் கவிழும். பிறகு தாங்கிக்கொள்ளக் காலே இல்லாமல் சேணத்தில் விழுவீர்கள். சாதாரணமாக ஓட்டும் நீளத்தைவிட அங்கவடியை (பாதம் வைக்கும் வளையத்தை) 2 துளை ஏற்றுங்கள். குதிகால் தாழ்ந்து, கெண்டைக்கால் கிர்த்தை (சேணத்தின் வயிற்றுப் பட்டையை) ஒட்டியே இருக்கட்டும். நீங்களாக முன்னால் பாயாதீர்கள். குதிரை எழும்பும்போது அதுவே உங்கள் இடுப்பை மடக்கிவிடும். கடிவாளம் பிடித்த கைகளைக் குதிரையின் கழுத்தில் மூன்றில் ஒரு பங்கு மேலே, பிடரியின் இருபுறமும் அழுத்தி வையுங்கள்.

பதில் 2:
வேகத்தைக் கூட்டாதீர்கள். தாவல் தட்டையாகும், வெர்டிகலுக்கு அது ஆகவே ஆகாது. டிராட்டில் (கேன்டரைவிட மெதுவான துள்ளுநடையில்) இப்படிப் பழகுங்கள்: 1.3 மீ. இடைவெளியில் தரையில் 3 கம்புகள், அங்கிருந்து 2.7 மீ.இல் 50 செ.மீ. கிராஸ் (இரு கம்புகளைக் குறுக்காக வைத்த தடை), அடுத்து 5.5 மீ.இல் வெர்டிகல். நடுவே ஒரே ஒரு கேன்டர் ஸ்டிரைட் (எட்டு) வரும். குட்டை நடைக் குதிரைக்கு இடைவெளியைச் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள். வெர்டிகலை 60-இல் தொடங்கி, நீங்கள் சேணத்தைத் தட்டாமல் மூன்று முறை வந்தபின் 5 செ.மீ. ஏற்றுங்கள். தரைக்கம்பு ஒன்றை வெர்டிகலுக்கு 15 செ.மீ. முன்னால் போடுங்கள். அது தப்பித் தவறியும் கம்புக்குப் பின்னால் போய்விடக் கூடாது. குதிரை எழும்பும் இடத்தைத் தப்பாகக் கணித்துவிடும்.

கேட்டவர்:
பக்கவாட்டு வீடியோவை உச்சியில் நிறுத்திப் பார்த்தேன். அங்கவடி வார் பின்பக்கம் சரிந்து நிற்கிறது. கைகளும் கடிவாளத்தில் தொங்குகின்றன.

பதில் 1:
வார் தரையை நோக்கி நேராகத் தொங்க வேண்டும். அதுவே நல்ல அளவுகோல். கைக்கு, கழுத்தில் ஒரு வார் கட்டி எழும்பும்போது அதைப் பிடியுங்கள். கடிவாளத்தில் தொங்கினால் வாய் இழுபடும், தலை தூக்கும், முதுகு குழியும். அதுவும் பின்காலைத்தான் கீழே இறக்கும்.

பதில் 3:
இதெல்லாம் சரியான பிறகும் எப்போதும் ஒரே பக்கப் பின்கால் தட்டினால் பயிற்சியை நிறுத்திவிட்டு, கால்நடை மருத்துவரிடம் முதுகையும் பின்கால் மூட்டுகளையும் காட்டுங்கள். சேணம் முதுகில் அழுத்துகிறதா என்றும் பாருங்கள். வலிக்கும் குதிரையைத் திரும்பத் திரும்பத் தாண்ட வைக்காதீர்கள்.