எண்ணூர் கழியைச் சரணாலயமாக்கினால் வலை போட விடுவார்களா?

காட்டுக்குப்பத்தான்:
எண்ணூர் கழியைப் பறவைச் சரணாலயமாக்கச் சொல்லி மனு கொடுக்கலாம் என்று ஊரில் இளசுகள் கிளம்பியிருக்கிறார்கள். அப்படியாவது அனல்மின் நிலையச் சாம்பலும் எண்ணெயும் கழியில் கலப்பது நிற்கட்டுமே என்கிறார்கள். அப்பா ஒப்புக்கொள்ளவே மாட்டேன் என்கிறார். "கம்பெனிக்காரன் தண்ணியைக் கெடுத்தான். இனி வனத்துறைக்காரன் வந்து கரையேறுன்னு சொல்வான்." 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் வந்தபோது, இறக்கையை விரிக்க முடியாமல் கூழைக்கடா திட்டில் உட்கார்ந்திருந்ததை அவரும்தான் பார்த்தார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், எங்கள் பிழைப்பு என்ன ஆகும்?

ஏரிக்கரை:
தம்பி, நான் பழவேற்காடு. ஏரியில் தமிழ்நாட்டுப் பக்கம் 1980லேயே சரணாலயம் ஆகிவிட்டது. பூநாரையும் வருகிறது, நாங்களும் வலை போடுகிறோம். பாடு முறைப்படி யாருக்கு எந்த இடம், என்றைக்கு என்பதெல்லாம் இன்னும் ஊருக்குள்தான் முடிவாகிறது. அப்பாவிடம் இதைச் சொல்.

கச்சேரி வக்கீல்:
அப்பாவின் பயம் வெறும் பயமில்லை. வனவிலங்குச் சட்டம் 18ஆம் பிரிவில் வருவது உத்தேச அறிவிப்புதான். அப்புறம் கலெக்டர் சுற்றுவட்டார ஊர்களில் உள்ளூர் மொழியில் பிரகடனம் போடுவார். உரிமை கோர 2 மாதம். அந்த உரிமை தொடரலாம் என்று கலெக்டர் உத்தரவு போடவும் 24ஆம் பிரிவில் வழி இருக்கிறது, தலைமை வன உயிரினக் காப்பாளரைக் கலந்துகொண்டு. ஆனால் கேட்டால்தானே! மனுவுக்கு முன்னால் வரைபடம் போடுங்கள்: எந்த இடம், எந்த வலை, எந்த மாசம். கழுத்தளவுத் தண்ணீரில் பறிக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு கையால் இறால் தடவுகிற இருளர் பெண்களை முதலில் எழுதுங்கள். படகும் இல்லை, வலையும் இல்லை என்பதால் எல்லாப் பட்டியலிலும் விட்டுப்போவது அவர்கள்தான்.

காட்டுக்குப்பத்தான்:
நன்றி சார். 2005ல் திருநெல்வேலிப் பக்கம் திருப்புடைமருதூரில் செய்தது போல, சரணாலயத்துக்குப் பதிலாகப் பாதுகாப்புக் காப்பகம் (conservation reserve) கேட்டால் தேவலையா?

கச்சேரி வக்கீல்:
கேட்கலாம். அது அரசு நிலத்தில் வருவது, ஊராரைக் கலந்து பேசித்தான் அறிவிக்க வேண்டும், மேலாண்மைக் குழுவில் ஊராட்சிக்கும் இடம் உண்டு. ஆனால் எண்ணூர் மாநகராட்சி ஆயிற்றே, ஊராட்சிக்கு எங்கே போவது! மீனவர் கிராம சபைக்கு இடம் வேண்டும் என்று மனுவிலேயே எழுதிக் கேளுங்கள். எல்லையைத் திட்டோடு நிறுத்தாதீர்கள். கொசஸ்தலை ஆறும் பக்கிங்காம் கால்வாயும் உள்ளே வரவில்லை என்றால், சாம்பல் பழைய வழியிலேயே வந்து சேரும்.