செகா அடியில் லாக் டிரம்: ஏன் நொண்டுகிறது?

கேள்வி – காவடிச்சிந்து, ரோஸ் ஹில், மொரீஷியஸ்
வணக்கம். தைப்பூசத்துக்குள் ஒரு பாட்டு முடிக்க வேண்டும். ரவானும் (பெரிய கைப்பறை) மரவானும் (குலுக்கும் விதைப்பெட்டி) செகா (மொரீஷியஸ் நாட்டார் இசை) அடி, மேலே நாதஸ்வரம், கீழே இப்போது எங்கும் கேட்கிற அமாபியானோ (தென்னாப்பிரிக்க நடன இசை) லாக் டிரம் (மரத்தைத் தட்டுவது போன்ற கனத்த பேஸ் ஒலி). வேகம் 112 பிபிஎம் (நிமிடத்துக்கு 112 தட்டு), மென்பொருள் எஃப்எல் ஸ்டூடியோ. ரவான் தனியாக நன்றாக ஓடுகிறது. ஷேக்கரும் லாக் டிரமும் சேர்ந்ததும் நொண்டுகிறது, பேஸ் குழம்புகிறது. குவாண்டைஸ் (அடிகளைக் கட்டத்துக்கு நேராக்குவது) செய்தால் ரவானில் உயிர் போய்விடுகிறது. என்ன செய்யலாம்?

பதில் – திஸ்ரநடை
வேகத்தைத் தொடாதீர்கள். மோதுவது நடை. செகா 6/8, நம் கணக்கில் திஸ்ரம், தட்டுக்கு மூன்று. அமாபியானோ ஷேக்கர் சதுஸ்ரம், தட்டுக்கு நான்கு. 112-இல் ஒரு தட்டு சுமார் 536 மில்லிசெகண்ட். திஸ்ரத்தின் மூன்றாம் அடி 357-இல் விழும், சதுஸ்ரத்தின் நான்காம் அடி 402-இல். இடைவெளி 45 மில்லிசெகண்ட். அதைக் காது ஒரே அடியாகவும் ஏற்காது, தனித்தனி அடியாகவும் ஏற்காது.

ஷேக்கரை எடுத்துவிடுங்கள், அந்த வேலைக்கு மரவான் போதும். லாக் டிரமைப் பியானோ ரோலில் (நோட்டு எழுதும் திரை) ஸ்னாப் (நோட்டு ஒட்டும் கட்டம்) 1/3 பீட் வைத்து மறுபடி எழுதுங்கள். தட்டிலும் அரைத்தட்டிலும் விழுகிற நோட்டுகள் இருக்கலாம், மூன்றுக்கு இரண்டு இதமாகவே உரசும். கால், முக்கால் தட்டில் மட்டும் ஒன்றும் வேண்டாம். குவாண்டைஸை ரவானுக்குப் போடவே போடாதீர்கள். நன்றாக விழுந்த நான்கு பாரை அளவாக வைத்துக்கொண்டு, லாக் டிரம் நோட்டுகளை அதன் அடிகளுக்குக் கையால் நகர்த்துங்கள்.

பதில் – மிக்ஸ்மேசை, கத்ர் போர்ன்
பேஸ் குழப்பத்துக்கு: ரவானில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஹைபாஸ் (கீழ் ஒலியை வெட்டுவது), லாக் டிரமில் 250 ஹெர்ட்ஸ் பக்கம் 3 டெசிபல் குறைப்பு. ரவானின் கனத்த அடிக்கு லாக் டிரம் 2, 3 டெசிபல் இறங்கும்படி சைட்செயின். ரிலீஸ் (இறங்கிய ஒலி மறுபடி ஏறும் நேரம்) 100 மில்லிசெகண்டுக்குள் இருக்கட்டும். திஸ்ர அடிகளுக்கு நடுவே 179 மில்லிசெகண்ட்தான் இருக்கிறது, அதைத் தாண்டினால் பேஸ் மூச்சு வாங்கும். தவிலும் சேர்ப்பீர்களானால் தாழ்ந்த ஒலி தரும் தொப்பிப் பக்கமும் இதே இடத்தில்தான் வந்து உட்காரும்.

இன்னொன்று, ஆட்டுத்தோல் ரவான் என்றால் சூடு காட்டி ஏற்றிய சுருதி ஈரக்காற்றில் இறங்கிவிடும். ஒவ்வொரு டேக்குக்கும் (பதிவுக்கும்) முன் மறுபடி சூடு காட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் பல்லவி டேக்கையும் சரண டேக்கையும் ஒட்டும் இடத்தில் தோல் தொய்வது அப்பட்டமாகத் தெரியும்.

பதில் – சீவாளி
நாதஸ்வரத்தை பிட்ச் மாற்றாதீர்கள், கமகம் கோணலாகிவிடும். வித்வானின் கட்டையை (சுருதி நிலையை) கேட்டு (2 கட்டை என்றால் டி) பாட்டின் சுருதியை அதில் வையுங்கள். மைனர் நைன்த் கார்டு (சேர்ந்தொலிக்கும் ஐந்து சுரங்கள்) வேண்டுமென்றால் கரகரப்ரியா ராகம் ஒத்துப்போகும். மாயாமாளவகௌளை எடுத்தால் சுத்த ரிஷபமும் அந்தர காந்தாரமும் அந்தக் கார்டோடு முட்டிக்கொள்ளும். அங்கே சா–பா மட்டும் பிடியுங்கள்.

கேள்வி – காவடிச்சிந்து
நன்றி. லாக் டிரமைத் திஸ்ரத்தில் வைத்தால் அமாபியானோ என்று தெரியுமா?

பதில் – திஸ்ரநடை
தெரியும், ஐயா. அடையாளம் அந்த ஓசையிலும் சறுக்கலிலும் இருக்கிறது; எஃப்எல்லின் டிஎக்ஸ்10 சின்தில் ஸ்லைடு (சறுக்கும்) நோட்டைக் குறைக்காதீர்கள். மொரீஷியஸ் பாடகர் காயாவின் செகே இசையும் ரெகேயைச் செகாவோடு சேர்த்தது, ஆனால் செகாவின் உருட்டல் போகவில்லை. லாக் டிரமைத் தனி பஸ்ஸில் (மிக்ஸரில் தனித் தடம்) வையுங்கள். இந்த மோகம் மாறினால் அந்த ஒரு தடத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.