மஞ்ச லைட்டுக்கு 46 ஆயிரம் கேக்குறாய்ங்க, 2013 காரை வச்சுக்கவா வித்துடவா?

கண்டனூர்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். அப்பச்சி 2013ல மெட்ராஸ்ல வாங்குன பெட்ரோல் கார், புகைக் கட்டுப்பாட்டு விதில பிஎஸ் 4, இப்ப 1,18,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. அவுக ரிட்டயர் ஆகி ஊருக்கு வந்தப்ப கூடவே வந்துருச்சு. மாசம் ரெண்டு தடவ அவுகள மதுரை ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போகணும், போக வர நூத்தி எம்பது கிலோமீட்டர், மத்தபடி காரைக்குடி, புதுவயல், கோயில் குளம் அவ்வளவுதான்.

பொங்கலுக்கு முன்னாடி செக் எஞ்சின் லைட்டு மஞ்சளா எரிய ஆரம்பிச்சது. நம்ம ஊர் மெக்கானிக் ஸ்கேனர் மாட்டி அழிச்சு விட்டாரு, பத்து நாள்ல திரும்ப வந்துருச்சு. அப்புறம் மதுரைல ஒரு பெரிய சர்வீஸ் சென்டர்ல விட்டேன், ஸ்கேனர்ல வந்த பழுதுக் கோடு பி0420ன்னாங்க, சைலன்சர் பைப்புல புகையச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் போச்சு, புகைல இருக்க ஆக்சிஜன அளக்கற ரெண்டு ஆக்சிஜன் சென்சாரும் சேத்து மாத்தணும்னு 46,000க்கு எஸ்டிமேட் போட்டுக் குடுத்துட்டாங்க. வண்டிய வித்தாலே ரெண்டு லட்சம் வந்தா பெருசு. அப்பச்சிக்கு விக்க மனசில்ல, எனக்கு இவ்வளவு காசு போட தைரியமில்ல. என்ன செய்யலாம்னு சொல்லுங்க.

வளவுவீடு:
தம்பி, இதுக்கெல்லாம் பயப்படவே வேண்டாம். என் வண்டில நாலு வருஷமா அதே மஞ்ச லைட்டு எரியுது. ராமேஸ்வரம், பழனி, திருச்செந்தூர் எல்லாம் அதே வண்டிலதான் போயிட்டு வந்தோம், ஒரு நாள் கூட நடுவழில நின்னதில்ல. கண்ண உறுத்துச்சுன்னா மேல கருப்பு டேப்ப ஒட்டிட்டு ஓட்டுங்க. அந்தக் காலத்துல இந்த லைட்டே கிடையாது, அப்பவும் வண்டி ஓடத்தானே செஞ்சது.

ஸ்பேனர்14:
அண்ணே தயவுசெஞ்சு டேப் ஒட்டச் சொல்லாதீங்க, உங்களுக்கு நல்லா ஓடுச்சுங்கறதுக்காக அடுத்தவனுக்கும் அப்படியே ஓடும்னு இல்ல. டேப் ஒட்டிட்டா நாளைக்கு அது நிலையா எரியாம விட்டு விட்டு மின்ன ஆரம்பிச்சா எப்படித் தெரியும்? அப்படி மின்னுனா மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டர்ல பெட்ரோல் சரியா எரியலன்னு அர்த்தம், எரியாத பெட்ரோல் அப்படியே கன்வெர்ட்டருக்குள்ள போயி எரிஞ்சு உள்ள இருக்க தேன்கூடு மாதிரி பகுதியையே உருக்கிடும்.

கண்டனூர் தம்பிக்கு சொல்றேன். பி0420ன்னா கன்வெர்ட்டர் செத்துப்போச்சுன்னு அர்த்தமில்ல, அது சரியா வேல செய்யலன்னு கம்ப்யூட்டர் சந்தேகப்படுது, அவ்வளவுதான். கன்வெர்ட்டருக்கு முன்னால ஒரு ஆக்சிஜன் சென்சார், பின்னால ஒண்ணு. முன்னால இருக்கறதோட வோல்டேஜ் மேலயும் கீழயும் வேகமா ஆடும், பின்னால இருக்கறது கிட்டத்தட்ட ஒரே நிலையில நிக்கணும். பின்னாலதும் முன்னாலது மாதிரியே ஆடுச்சுன்னா இந்தக் கோடு விழும். சைலன்சர் பைப் ஜாயிண்ட்ல கேஸ்கெட் போயி காத்து உள்ள இழுத்தாலும் விழும், பின் சென்சாரே தப்பா சொன்னாலும் விழும். ரெண்டு சென்சாரோட கிராஃபையும் ஸ்கேனர்ல பாக்காமயே மூணு பார்ட்ட மாத்தச் சொன்னா அது டயக்னோசிஸ் இல்ல.

இன்னொரு கேள்வியும் இருக்கு. கன்வெர்ட்டர் தானா சாகாது, ஏதோ ஒண்ணு அதைக் கொல்லும். மைலேஜ் எவ்வளவு வருது? காலைல புகை வருதா? ஆயில் எப்பவாச்சும் செக் பண்ணீங்களா?

கணக்கப்பிள்ளை:
நான் நேரா கணக்குக்கு வரேன். போன வருஷம் இந்த வண்டிக்கு எவ்வளவு செலவழிச்சீங்கன்னு எழுதிப் பாருங்க தம்பி. பன்னெண்டு பதிமூணு வருஷ வண்டில ஒண்ணு முடிஞ்சா ஒண்ணு வரும், இன்னைக்கு கன்வெர்ட்டர், அடுத்து ரேடியேட்டர், கிளட்ச், ஏசி. 2028ல ஆர்சி முடியும், ரினியூ பண்ண ஃபீஸே 5,000, பசுமை வரி தனி, எஃப்சிக்கு தகரம் தட்டி பெயிண்ட் அடிக்கற செலவு தனி. இப்ப ரெண்டு லட்சம் போற வண்டி அப்ப ஒரு லட்சம் போகுமாங்கறதே சந்தேகம். ரெண்டு லட்ச ரூபா பொருளுக்கு 46,000 போடறது கணக்குப்படி தப்பு. வித்துட்டு ஒரு நல்ல புது வண்டி எடுங்க, வயசானவங்கள கூட்டிட்டுப் போறதுக்கு நம்பிக்கையான வண்டி வேணும்.

கானாடுகாத்தான்காரி:
கணக்கப்பிள்ளை அண்ணே, கணக்க பாதியிலயே நிறுத்திட்டீங்க. எட்டு லட்சம் புது வண்டின்னு வைங்க, கைல ரெண்டு போட்டு மிச்சம் ஆறு லட்சம் லோன், 9 சதவீத வட்டி, அஞ்சு வருஷம்னா மாசம் 12,455 ஈஎம்ஐ. இந்த 46,000 நாலு மாச ஈஎம்ஐக்கும் கம்மி. புது வண்டிக்கு இன்சூரன்சும் கூடத்தான். ரிப்பேர் செலவ வண்டியோட விலையோட ஒப்பிடறதே சரியில்லன்னு நான் நினைக்கிறேன், அந்த வண்டி இல்லாட்டி அந்த வேலைக்கு வேற என்ன செலவாகும்னு அதோட ஒப்பிடணும். நான் பத்து வருஷ வண்டியத்தான் தினம் ஸ்கூலுக்கு ஓட்டிட்டுப் போறேன், வருஷத்துக்கு 25,000 தனியா எடுத்து வச்சிடுவேன், அதுக்குள்ளதான் எல்லாச் செலவும்.

கணக்கப்பிள்ளை:
25,000க்குள்ள நின்னா நானும் ஒத்துக்கறேன் தங்கச்சி. நிக்காதுங்கறதுதான் என் பயம். 46,000 போட்டதுக்கு அப்புறம் மூணு மாசத்துல இன்னொரு 30,000 வந்தா, ஏற்கனவே இவ்வளவு போட்டுட்டமேன்னு அதையும் போடத் தோணும். எங்க வீட்லயே அப்படித்தான் ஆச்சு, ஒன்றரை லட்சம் போட்டதுக்கப்புறம் எழுபதாயிரத்துக்கு தள்ளி விட்டோம்.

கண்டனூர்காரன்:
பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. ஸ்பேனர் அண்ணே, மைலேஜ் முன்னாடி 16 குடுத்தது இப்ப 13தான், இந்த எத்தனால் கலந்த இ20 பெட்ரோலாலதான்னு பங்க்ல சொல்றாய்ங்க. காலைல முதல் ஸ்டார்ட்ல லேசா நீலப் புகை வரும், ஒரு நிமிஷத்துல போயிடும். ஆயில் நான் பாத்ததில்ல, சர்வீஸ்ல பாத்துக்குவாங்கன்னு விட்டுட்டேன். அப்புறம் ஒரு சின்ன விஷயம், மதுரைல இருந்து திரும்பி வரும்போது திருப்பத்தூருக்குள்ள டிராஃபிக்ல நின்னா, எண்ணெய்ச் சட்டி மாதிரி ஒரு செவப்பு லைட்டு மினுக்கு மினுக்குன்னு எரியும், ஆக்சிலேட்டர லேசா அமுக்குனா போயிடும். அது போயிடறதால கண்டுக்கல.

ஸ்பேனர்14:
தம்பி, முதல்ல வண்டிய எடுக்கறத நிறுத்துங்க. இது சின்ன விஷயமே இல்ல. மஞ்ச லைட்ட பத்தி இவ்வளவு நேரம் பேசிட்டோம், பயப்பட வேண்டியது இந்தச் செவப்பு லைட்டுக்குத்தான்.

அது ஆயில் பிரஷர் லைட்டு. எஞ்சின் சூடாகி ஆயில் இளகி, ஐடில்ல பம்ப் மெதுவா சுத்தும்போதுதான் பிரஷர் ரொம்பக் குறையும், அதனாலதான் நிக்கும்போது எரிஞ்சு ஆக்சிலேட்டர் குடுத்தா அணையுது. ஆயில் கம்மியா இருக்கலாம், பம்ப் தேஞ்சிருக்கலாம், பேரிங் தேஞ்சிருக்கலாம், வெறும் சுவிட்ச் போயிருக்கலாம். எதுன்னு தெரியற வரைக்கும் லைட்டு உண்மையத்தான் சொல்லுதுன்னு எடுத்துக்கணும். எங்க ஷெட்டுக்கு ஒரு வண்டி கயித்துல கட்டி இழுத்துட்டு வந்தாங்க, கல்யாணத்துக்கு திருச்சி கிளம்பின குடும்பம், லைட்டு எரியறத பாத்துட்டும் முகூர்த்தத்துக்கு நேரமாச்சேன்னு ஓட்டியிருக்காங்க, திருமயம் தாண்டுறதுக்குள்ள எஞ்சின் இறுகிப் போச்சு. திறந்து பாத்தா பேரிங் ஓடு வெள்ளிக் காகிதம் மாதிரி கிழிஞ்சு கிராங்கோட ஒட்டிக் கிடக்கு. ஆயில் இல்லாம ஓட்டி கெட்டதுக்கு சாதாரண இன்சூரன்ஸ்ல காசும் வராது.

இப்பவே வண்டிய சமதளத்துல நிறுத்தி, ஆஃப் பண்ணி பத்து நிமிஷம் கழிச்சு ஆயில் அளக்கற குச்சி, டிப்ஸ்டிக்க உருவி, துணியால தொடச்சு, மறுபடி முழுசா சொருகி எடுத்துப் பாருங்க. என்ன இருக்குன்னு இங்க போடுங்க.

எத்தனால் விஷயம், அதுல லிட்டருக்கு பெட்ரோல விட மூணுல ஒரு பங்கு சக்தி கம்மிங்கறது உண்மைதான். ஆனா 20 சதவீதம் கலந்தா ஆறேழு சதவீதம் மைலேஜ் குறையும், 16 எப்படி 13 ஆகும்? முன் சென்சார் மந்தமாகி பெட்ரோல் கூட ஊத்துதான்னும் பாக்கணும்.

வளவுவீடு:
சுவிட்சுதான் போயிருக்கும், முன்னூறு நானூறு ரூபா சமாச்சாரம். எனக்கும் அப்படித்தான் எரிஞ்சது, மாத்துனதும் நின்னுருச்சு. தம்பிய ரொம்ப பயமுறுத்தாதீங்க.

ஸ்பேனர்14:
சுவிட்சா இருந்தா எனக்கும் சந்தோஷம்ணே. ஆனா அத நம்ம ஊகத்துல முடிவு பண்ணக் கூடாது. சுவிட்ச கழட்டிட்டு அந்த இடத்துல முள்ளு வச்ச பிரஷர் கேஜ் மாட்டி அளந்தா பத்து நிமிஷத்துல தெரிஞ்சிடும். அளக்காம சுவிட்ச மட்டும் மாத்தறது தெர்மாமீட்டர உடைச்சுட்டு காய்ச்சல் போச்சுங்கற மாதிரி.

கண்டனூர்காரன்:
அண்ணே, பாத்துட்டு வந்தேன், கை நடுங்குது. குச்சில ரெண்டு குறி இருக்குல்ல, கீழ்க் குறிக்கு எட்டவே இல்ல, நுனில மட்டும் தார் மாதிரி ஒரு சொட்டு கருப்பா நின்னுச்சு, மிச்சமெல்லாம் காஞ்ச இரும்பு. நம்பாம மூணு தடவ தொடச்சு விட்டுப் பாத்தேன். ஆயில் மாத்துன பில்ல தேடி எடுத்தேன், ஏழு மாசம், 6,000 கிலோமீட்டர்தான் ஆயிருக்கு. தம்பிய பைக்ல அனுப்பி அதே கிரேடு வாங்கிட்டு வரச் சொல்லி கொஞ்சம் கொஞ்சமா ஊத்துனேன், ஒண்ணேகால் லிட்டர் குடிச்சிருச்சு. வண்டிக்கு மொத்தமே மூன்றரை லிட்டர். ராத்திரி அடியில அட்டை விரிச்சு வச்சேன், காலைல ஒரு சொட்டு கூட இல்ல, அப்ப எங்கதான் போகுது?

ஸ்பேனர்14:
ஒழுகலன்னா எரியுது. ராத்திரி முழுக்க நின்னு முதல் ஸ்டார்ட்ல மட்டும் நீலப் புகைன்னா பெரும்பாலும் வால்வ் சீல், அதாவது வால்வ் வழியா ஆயில் இறங்காம தடுக்கற ரப்பர், அது காஞ்சு இறுகியிருக்கும், ராத்திரி மேலருந்து ஆயில் சொட்டுச் சொட்டா சிலிண்டருக்குள்ள இறங்கும். ரோட்டுல அமுக்கும்போதும் நீலமா வந்தா பிஸ்டனச் சுத்தி இருக்க ரிங் தேஞ்சிருக்கும், அது பெரிய செலவு.

இப்ப உங்க ரெண்டு லைட்டும் ஒரே இடத்துல வந்து நிக்குது பாருங்க. எரியற ஆயில்ல இருக்க பாஸ்பரஸ், துத்தநாகமெல்லாம் கன்வெர்ட்டர் மேல போயி படியும், படிஞ்சா அது வேல செய்யாது, பி0420 வரும். ஆயில் எரியறத நிறுத்தாம புது கன்வெர்ட்டர் போட்டிருந்தா அந்த 46,000மும் போயி அதுவும் கெட்டுப் போகும். முதல்ல கேஜ் வச்சு பிரஷர், அப்புறம் சிலிண்டர் எவ்வளவு அழுத்தம் புடிக்குதுன்னு பாக்கற கம்ப்ரஷன் டெஸ்ட், அது நல்லாருந்தா சீல். நிறைய எஞ்சின்ல மேல்பகுதியான ஹெட்ட இறக்காமலே, காத்த அடிச்சு வால்வ நிறுத்தி வச்சுட்டு சீல் மாத்தலாம். கன்வெர்ட்டர் கடைசிதான்.

வளவுவீடு:
ஆயில் அவ்வளவு குறைஞ்சிருக்கும்னு நான் நினைக்கல, சுவிட்சுன்னு சொன்னது தப்புதான். ஆனா இவ்வளவு வேல இருந்தா நானும் கணக்கப்பிள்ளை பக்கம் வந்துடுவேன். ஆயில ஊத்தி, கோட அழிச்சு, லைட்டு திரும்ப வர்றதுக்குள்ள சித்திரைக்கு முன்னாடி வித்துடுங்க தம்பி.

கானாடுகாத்தான்காரி:
அண்ணே, இத படிச்சதும் எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு. எனக்கு முதல் வண்டிய அப்படித்தான் வித்தாங்க. அதுல அழிக்கக் கூட இல்ல, செக் எஞ்சின் பல்பையே புடுங்கி வச்சிருந்தாங்க. கைக்குழந்தையோட குன்றக்குடி போற வழில வண்டி நின்னு, வெயில்ல ஒன்றரை மணி நேரம் ரோட்டோரம் நின்னேன். பழைய வண்டி வாங்கறவங்க யார் படிச்சாலும் சொல்றேன், சாவிய ஆன்ல வச்சு ஸ்டார்ட் பண்ணாம மீட்டர பாருங்க, எல்லா லைட்டும் எரியணும், ஸ்டார்ட் ஆனதும் அணையணும். ஆன்ல வச்சப்பவே ஒண்ணு எரியலன்னா அந்த வண்டி வேண்டாம். தம்பி, விக்கறதா இருந்தா வாங்கறவங்ககிட்ட உள்ளத சொல்லி வில்லுங்க.

கணக்கப்பிள்ளை:
இதுல நான் தங்கச்சி பக்கம். மறைச்சு வில்லுன்னு நான் சொல்லவே இல்ல. சொல்லி வித்தா ஒன்றரை லட்சம் கெடைக்கும், கெடைக்கட்டும்.

கண்டனூர்காரன்:
ரெண்டு வாரம் கழிச்சு வரேன், மன்னிக்கணும். காரைக்குடிலயே கேஜ் வச்சிருக்க ஒருத்தர் கெடைச்சாரு. ஆயில் ஊத்துனதுக்கப்புறம் நல்லா சூடாக்கி அளந்தா ஐடில்ல 1.1 பார், 3,000 ஆர்பிஎம்ல 3.4, பேரிங் தப்பிச்சிருச்சுன்னு சொன்னாரு. கம்ப்ரஷன் நாலு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒண்ணுபோல இருக்கு. சீல் மாத்த 8,500 ஆச்சு. பழைய சீல கைல குடுத்தாரு, ரப்பருன்னே சொல்ல முடியாது, நகத்தால அழுத்துனா ஓடு மாதிரி ஒடியுது. முன் சென்சார் மட்டும் மந்தம்னு கிராஃப்ல காட்டுனாரு, அத மாத்திருக்கு, 3,200. காலைப் புகை நின்னுருச்சு. மஞ்ச லைட்டு இன்னும் எரியுது, கன்வெர்ட்டர இப்ப தொடல, பொல்யூஷன் டெஸ்ட் பாஸ் ஆயிருச்சு. அப்பச்சி ஒரு நோட்டு போட்டு வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை குச்சிய பாத்து எழுதறாக.

கணக்கப்பிள்ளை:
11,700ல நின்னதுக்கு சந்தோஷம் தம்பி. ஆனா நான் இன்னும் மாறல. 1,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டருக்கு மேல குறைஞ்சா ரிங்தான், அதுக்கு மேல ஒரு பைசா போடாதீங்க.

ஸ்பேனர்14:
அந்த அளவு எனக்கும் சம்மதம். அதுக்குக் கீழ இருந்தா இன்னும் நாலு வருஷம் ஓட்டலாம்னு நான் சொல்றேன்.

கண்டனூர்காரன்:
சரிண்ணே. 1,18,640ல மேல் குறி வரைக்கும் ஊத்தி வச்சிருக்கேன். 1,19,640 ஆனதும் அளந்து இங்கயே போடறேன்.