பயம் மகனுக்கு, வரச் சொல்வது அம்மாவை: இது என்ன வைத்தியம்?

ஈரத்துண்டு:
மகனுக்கு 7 வயது. இரண்டாவது குழந்தை பிறந்து நான்கு மாதம் ஆகிறது. சின்னவள் வந்த மூன்றாவது வாரத்திலிருந்து பெரியவனுக்குக் காலையானால் வயிற்றுவலி. பள்ளி இல்லாத நாளில் அந்த வலி எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. இரவு நான் பக்கத்தில் படுத்தால்தான் தூங்குகிறான். "நீ எங்கேயும் போயிட மாட்டியே?" என்று ஒரு நாளைக்கு இருபது தடவையாவது கேட்கிறான்.

குழந்தை மருத்துவர் பார்த்துவிட்டு, உடம்பில் ஒன்றுமில்லை என்று உளவியலாளரிடம் அனுப்பினார். அவர் இரண்டு சிட்டிங் இவனோடு விளையாடினார், படம் வரையச் சொன்னார். மூன்றாவது தடவை என்னிடம், "இனிச் சில வாரம் பையன் வேண்டாம், நீங்கள் மட்டும் வாருங்கள்" என்றார். கையில் பத்துக் கேள்விகள் உள்ள ஒரு தாளையும் கொடுத்தார், அது முழுக்க என் மனநிலை பற்றியது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குக் கோபம். பயம் அவனுக்கு, சிகிச்சை எனக்கா? தப்பு உன் மேல்தான் என்பதைத்தான் இப்படி நாசூக்காகச் சொல்கிறாரா?

மணல்வீடு:
அதைத்தான் சொல்கிறார், சகோ. இந்தத் துறையின் பழைய பழக்கம் இது. ஆட்டிசத்தை 1943 இல் முதலில் விரிவாக விவரித்த மனநல மருத்துவர் லியோ கானர், சில ஆண்டுகளிலேயே பெற்றோரிடம் பாசக் குளிர்ச்சி இருப்பதாக எழுத ஆரம்பித்தார். அதுதான் காரணம் என்று புருனோ பெட்டல்ஹைம் என்ற எழுத்தாளர் ஊரறிய வைத்தார். 'குளிர்பதனப் பெட்டி அம்மா' என்ற பட்டம் அந்தக் காலத்தில் எத்தனை பெண்கள் தலையில் விழுந்தது தெரியுமா? பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளர், தானே ஆட்டிசம் உள்ள பையனின் அப்பா, 1964 இல் ஆதாரத்தோடு மறுத்த பிறகுதான் அந்தக் கதை ஆட்டம் கண்டது. அதற்கு முன்பு 1948 இல் மனச்சிதைவு நோய்க்கும் அம்மாதான் காரணம் என்று ஒரு கோட்பாடு வந்திருந்தது.

எனக்கு இது வரலாறு மட்டும் இல்லை. என் தம்பிக்கு ஆட்டிசம். "நீங்கள் அவனோடு போதுமான அளவு பேசவில்லை" என்று ஒருவர் சொன்னதை அம்மா பதினைந்து வருடம் சுமந்தார். அதனால் கேட்கிறேன்: அப்பாவை ஏன் வரச் சொல்லவில்லை?

மூன்றாம்_மாடி:
குழந்தைகளோடு வேலை செய்யும் உளவியலாளர் நான். மணல்வீடு சொன்ன வரலாற்றில் ஒரு வரியைக்கூட மறுக்க மாட்டேன். அது எங்கள் துறையின் அவமானம். ஆனால் இங்கே நடப்பது அது இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

காரணம் யார் என்பது ஒரு கேள்வி. மாற்றத்தை யார் கையில் கொடுத்தால் வேலை நடக்கும் என்பது வேறு கேள்வி. இந்தப் பையன் இருபது தடவை கேட்கிறான், நீங்கள் இருபது தடவையும் பதில் சொல்கிறீர்கள். பக்கத்தில் படுக்கிறீர்கள். வலி என்றால் லீவு. எந்த அம்மாவும் இதைத்தான் செய்வார், பாசத்தில்தான் செய்வார். ஆனால் ஒவ்வொரு பதிலும் பத்து நிமிட நிம்மதியைக் கொடுத்துவிட்டு, "அம்மா சொன்னால்தான் நான் தப்பித்தேன்" என்ற பாடத்தையும் சேர்த்தே கொடுக்கிறது. பயம் அதில் தீனி தின்று வளரும்.

யேல் பல்கலைக்கழகத்தின் எலி லெபோவிட்ஸ் குழு 2019 இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. பதற்றக் கோளாறு உள்ள 124 குழந்தைகள், 7 முதல் 14 வயது. ஒரு பகுதியினருக்கு நேரடியாக அறிவாற்றல் நடத்தை சிகிச்சை, அதாவது பயம் தரும் எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றக் கற்றுத்தரும் பேச்சு சிகிச்சை. மற்றவர்களுக்குச் சிகிச்சையாளர் குழந்தையைத் தொடவே இல்லை, பெற்றோரோடு மட்டும் 12 வாரம். பலன் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். பெற்றோர் அங்கே கற்றது இவ்வளவுதான்: "உனக்குப் பயமாக இருப்பது எனக்குத் தெரியும், உன்னால் தாங்க முடியும் என்பதும் எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, தாங்கிப்பிடிக்கும் கையைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பது. திடீரென்று அல்ல, முன்கூட்டியே பிள்ளையிடம் சொல்லிவிட்டு.

இன்னும் சின்னப் பிள்ளைகளுக்கு, 2 முதல் 7 வயதுக்கு, ஷீலா ஐபெர்க் 1970களில் உருவாக்கிய முறையைப் பாருங்கள். ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னால் உளவியலாளர். அறைக்குள் அம்மாவோ அப்பாவோ பிள்ளையோடு விளையாடுகிறார், காதில் ஒரு கருவி. "இப்போது கேள்வி கேட்காதீர்கள், அவன் செய்வதை அப்படியே சொல்லுங்கள்" என்று காதுக்குள் குரல் வரும். வாரத்தில் ஒரு மணி நேரம் பார்க்கும் என்னைவிட, மீதி நேரமெல்லாம் கூட இருப்பவருக்குக் கைத்தொழில் தெரிந்தால் போதாதா?

பழைய_சைக்கிள்:
தங்கச்சி பிறந்தால் அண்ணனுக்குப் பொறாமை வரும். ஆறு மாதத்தில் தானாகப் போகும். இதற்கு ஆராய்ச்சி, கண்ணாடி, காதில் கருவி! பிள்ளை பெற்றவள் நாலு நாள் அழுதால் அதற்கும் ஒரு பெயர். அடுத்து கொட்டாவிக்கும் சிட்டிங் வைப்பார்கள் போலிருக்கிறது.

ராத்திரி_ட்யூட்டி:
பிரசவ வார்டில் செவிலியராக இருக்கிறேன். பழைய சைக்கிள் சொல்வதில் பாதி சரி. பிரசவமாகி இரண்டு மூன்று நாளில் காரணமில்லாமல் கண்ணீர் வருவது பெரும்பாலான பெண்களுக்கு உண்டு. பேபி ப்ளூஸ் என்போம். இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும், சிகிச்சை வேண்டாம், கூட ஆள் இருந்தால் போதும்.

மீதிப் பாதிதான் பயமானது. இரண்டு வாரம் தாண்டியும் விடாத பாரம், பிள்ளை தூங்கும்போதுகூடத் தூக்கம் வராமை, எதிலும் பிடிப்பின்மை. இது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு. பத்தில் ஒரு பெண்ணுக்காவது வருகிறது. முதல் வருடத்தில் எப்போது வேண்டுமானாலும் தலைகாட்டும், நான்கு மாதம் ஒன்றும் தாமதம் இல்லை. தைராய்டு, இரத்தசோகை இரண்டையும் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது, அவையும் இதே வேஷத்தில் வரும். மூன்றாவது ஒன்று இருக்கிறது, ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேருக்கு: இல்லாத குரல் கேட்பது, தூக்கமே தேவைப்படாதது போன்ற வேகம், குழந்தையைப் பற்றி விபரீதமான நம்பிக்கை. அது அவசர சிகிச்சை. அங்கே கவுன்சலிங் அல்ல, அன்றைக்கே மனநல மருத்துவர் வேண்டும்.

ஈரத்துண்டு, உங்கள் கையில் இருப்பது எடின்பரோ வினாத்தாள் என்று நினைக்கிறேன். 1987 இல் வந்தது. கடந்த ஏழு நாள் எப்படி இருந்தீர்கள் என்று கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 30. குற்றப்பத்திரிகை இல்லை, நோய் என்று முடிவு சொல்லும் கருவியும் இல்லை. இன்னும் பேச வேண்டுமா என்று சல்லடை போடுவது, அவ்வளவுதான். பத்தாவது கேள்வி மட்டும் தனி. தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. மொத்த மதிப்பெண் குறைவாக இருந்தாலும் அதற்கு 'ஆம்' வந்தால் அன்றைக்கே உட்கார்ந்து பேசுவோம்.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன். "குழந்தை கைதவறி விழுந்துவிட்டால்", "நானே ஏதாவது செய்துவிட்டால்" என்று வேண்டாத எண்ணம் மின்னி மறைவது புதுத் தாய்மாருக்கு மிகவும் சாதாரணம். அந்த எண்ணத்தைக் கண்டு பதறுகிறவர் பொதுவாக அதைச் செய்யப்போகிறவர் அல்ல. வெளியே சொன்னால் பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று பயந்து வாயை மூடிக்கொள்பவர்களை எத்தனையோ இரவுகளில் பார்த்திருக்கிறேன்.

மணல்வீடு:
செவிலியர் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் உளவியலாளர் நண்பருக்கு ஒரு கேள்வி. அம்மாவின் மனம் சரியானால் பிள்ளைக்கும் சரியாகிவிடும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் என்ன? பிரிட்டனில் பீட்டர் கூப்பர், லின் மரே இருவரும் நடத்திய ஆய்வு 2003 இல் வந்தது. மனச்சோர்வு உள்ள தாய்மாருக்கு மூன்று வகைப் பேச்சு சிகிச்சை கொடுத்துப் பார்த்தார்கள். நாலரை மாதத்தில் மனநிலையில் முன்னேற்றம் தெரிந்தது. ஒன்பது மாதத்தில் சிகிச்சை எடுக்காதவர்களோடு பெரிய வித்தியாசம் இல்லை. பிள்ளைகளிடமும் நீடித்த பலன் தெரியவில்லை.

மூன்றாம்_மாடி:
நல்ல அடி. அந்த ஆய்வுதான் என்னைப் போன்றவர்களை யோசிக்க வைத்தது. அம்மாவின் சோகத்துக்கு மட்டும் மருந்து போட்டால் போதாது, அம்மாவுக்கும் பிள்ளைக்கும் நடுவே நடப்பதையும் தொட வேண்டும். 1970களில் எட்வர்ட் டிரோனிக் என்ற உளவியலாளர் செய்த சோதனை உங்களுக்குத் தெரிந்திருக்கும். விளையாடிக்கொண்டிருந்த அம்மா சில நிமிடம் முகத்தை அசைக்காமல் வைத்துக்கொள்வார். குழந்தை சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், கத்தும், கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இதைக் காட்டி அம்மாக்களை மிரட்டுகிறவர்கள் அதே டிரோனிக் சொன்ன அடுத்த பாதியைச் சொல்வதில்லை: நன்றாக இருக்கும் ஜோடிகள்கூட அடிக்கடி தாளம் தப்புகிறார்கள், மறுபடி சேர்ந்துகொள்கிறார்கள். அந்தச் சேர்தல்தான் முக்கியம்.

பலன் கிடைத்த இடமும் உண்டு. பாகிஸ்தானின் கிராமங்களில் அதிஃப் ரஹ்மான் குழு செய்தது, 2008 இல் வெளியானது. மனச்சோர்வு உள்ள தாய்மாருக்குப் பேச்சு சிகிச்சை. ஆறாம் மாதத்திலும் மனச்சோர்வு இருந்தவர்கள், சிகிச்சை கிடைக்காத பக்கம் 53 சதவீதம், கிடைத்த பக்கம் 23. வீடு வீடாகப் போகும் பெண் சுகாதாரப் பணியாளர்களே செய்தார்கள்.

பழைய_சைக்கிள்:
ஆக உளவியலாளரே தேவையில்லை என்கிறீர்கள். இதைத்தானே நான் முதலிலேயே சொன்னேன்!

மூன்றாம்_மாடி:
பயிற்சியும் மாதாமாதம் மேற்பார்வையும் கொடுத்தது யார் என்று நினைக்கிறீர்கள், அண்ணே?

மணல்வீடு:
என் முதல் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. அப்பா எங்கே?

மூன்றாம்_மாடி:
அதில் நான் உங்கள் பக்கம். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2010 இல் வந்த ஒரு தொகுப்பாய்வின்படி புதுத் தந்தையரிலும் பத்தில் ஒருவருக்கு மனச்சோர்வு. "நீங்கள் மட்டும்" என்று சொன்னவர் அதற்கு முன் ஏன் என்று ஐந்து நிமிடம் விளக்கியிருக்க வேண்டும். தாளையும் விளக்கம் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். அது அவருடைய குறை, தாயின் குறை இல்லை. நான்கூட ஆரம்பத்தில் "அம்மாவை வரச் சொல்லுங்கள்" என்றுதான் வாய்தவறிச் சொல்வேன். வீட்டில் இருவர் இருந்தால் இருவரையும் கூப்பிடச் சொல்லிக் கேளுங்கள், ஈரத்துண்டு. கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

ஈரத்துண்டு (ஒன்பது நாள் கழித்து):
போய்விட்டு வந்தேன். என் குழந்தைப் பருவத்தைக் கிண்டுவார் என்று சண்டைக்குத் தயாராகப் போனேன். அவர் கேட்டது, "காலை ஏழிலிருந்து எட்டு வரை என்ன நடக்கிறது, ஒவ்வொரு நிமிடமாகச் சொல்லுங்கள்." சொல்லிக்கொண்டே வரும்போதுதான் எனக்கே தெரிந்தது, அந்த ஒரு மணி நேரத்தில் மட்டும் பதினோரு தடவை "போக மாட்டேன்" என்கிறேன். இப்போது காலையில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை என்று பையனிடம் சொல்லிவிட்டோம். முதல் இரண்டு நாள் வீடே ரெண்டுபட்டது. நேற்று ஆறு தடவைதான் கேட்டான்.

தாளில் 14 வந்தது. பத்தாவது கேள்விக்கு 0. ஏழாவது கேள்வியில்தான் பேனா நின்றுவிட்டது, மனவருத்தத்தில் தூங்க முடியவில்லையா என்று கேட்கிறது. இந்த நான்கு மாதத்தில் யாரும் என்னிடம் அதைக் கேட்டிருக்கவில்லை.

மணல்வீடு:
சரி. நான் கொஞ்சம் அதிகமாகச் சீறிவிட்டேன் போல. ஆனால் அப்பா?

ஈரத்துண்டு:
புதன்கிழமை அவர் வருகிறார். நானே கேட்டேன். லீவு சொல்லியாயிற்று.