வலிக்குக் கஞ்சா எண்ணெய்: வீட்டில் கண்டதைச் சொல்லுங்கோ

ராணி, ஸ்காபரோ
அக்கி ஆறியும் அம்மாவுக்கு விலா நோவு விடவில்லை. சீலை பட்டாலே எரியும், இரவு முழுக்க நடை. டொக்டர் கடைசியில் கஞ்சா எண்ணெய்க்குக் கடிதம் தந்தார். கஞ்சாவில் வெறி ஏற்றாத கூறான சிபிடி கூட, வெறி ஏற்றும் டிஎச்சி கொஞ்சம். தபாலில் வந்த போத்திலைக் கண்டதும் "சாமியறைப் பக்கம் கொண்டு போகாதை" என்றார் அம்மா.

முதலில் ஒன்றுமில்லை. டொக்டரைக் கேட்டு அளவைக் கூட்டிய பிறகு ஒரு சாமம் விழித்தேன், வீட்டில் சத்தமே இல்லை. நடைச் சத்தம் கேட்டே பழகியவளுக்குப் பயம் பிடித்துவிட்டது. ஓடிப்போய் மூக்கடியில் விரல் வைத்தேன். சூடாய் மூச்சு, மெல்லிய குறட்டையும். காலையில் கேட்டால் "சித்தாலேப பூசினனான், அதுதான்" என்கிறார். இன்றுவரை அதே கதை.

குமரன்
அக்கா, இப்படிப் புகழ்ந்தால் எல்லாரும் கடைக்கு ஓடுவினம். என் அப்பா ஓடினார். கஞ்சா ஜெலி ஒன்று சாப்பிட்டார், ஒன்றும் செய்யவில்லையென்று கொஞ்ச நேரத்தில் அடுத்தது. நடுச்சாமம் சோபாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு "தம்பி, மணிக்கூடு நிண்டிட்டுது, நெஞ்சைப் பார்" என்கிறார். மணிக்கூடு ஓடிக்கொண்டுதான் இருந்தது. விழுங்கினால் ஈரலுக்குப் போய்த்தான் ஏறும், இரண்டு மணி நேரம்கூடப் பிடிக்கும். நித்திரை மருந்தாம்!

சிவம்
தம்பி, கடைச் சாமானையும் டொக்டர் எழுதியதையும் ஒன்றாய்க் குழப்பாதீர். கனடாவில் கஞ்சாக் கடை திறந்தது 2018 ஒக்டோபர் 17க்குப் பிறகு. மருத்துவ வழி 2001 முதலே இருக்கிறது. கடை ஜெலிப் பொதியில் டிஎச்சி 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது, புதியவருக்கு 2.5 போதும்.

என் கதை சின்னது. ஊருக்குப் போக அடுக்கிய பெட்டியிலிருந்து மனிசி என் போத்திலை எடுத்து வெளியே வைத்துவிட்டாள். நல்லதாய்ப் போச்சு. கடிதம் இருந்தாலும் கனடாவிலிருந்து கொண்டு போகவும் ஏலாது, உள்ளே கொண்டு வரவும் ஏலாது. அப்புறம், இரத்தம் கட்டியாகாமல் இருக்க எடுக்கும் வாபரின் குளிசையின் வேலையைச் சிபிடி கூட்டும், இரத்தக் கசிவு வரலாம். வாபரின் எடுப்பவர் என்றால் ஐஎன்ஆர் (இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்ற சோதனை) பார்க்கச் சொல்லுங்கோ. எடுத்த இரவு கார் ஓட்ட வேண்டாம். வயதான ஆக்கள் தலைசுற்றி விழாமல் பாத்ரூம் லைட் எரியட்டும். தினமும் எடுத்தால் உடம்பு பழகி அதே அளவு காணாமல் போகும். டக்கென்று நிறுத்தினால் கொஞ்ச நாள் நித்திரை இன்னும் கெடும். நிறுத்துவதென்றால் மெல்ல மெல்லக் குறையுங்கோ.

ராணி
சிவம் அண்ணை, அம்மாவுக்கு வாபரின் இல்லை. ஆனால் போத்தில் கணக்கைவிட வேகமாய் இறங்குதே என்று பார்த்தால், பக்கத்து வீட்டு மாமிக்கும் முழங்கால் நோவாம், அம்மாதான் துளி விடுகிறார். மாமி என்ன குளிசை எடுக்கிறார் என்று இனித்தான் கேட்க வேண்டும்.